'லாங் டைம் நோ சீ' சரியான ஆங்கிலமா? விதியை மீறியும் வாழும் ஆங்கிலத் தொடர்களின் பின்னணி என்ன?

"அக்கா, 'தி மோர் தி மெரியர்'னு எழுதினா மார்க் போடுவாங்களா? இதுல வெர்ப்பே இல்லையே?"

கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் என் சித்தி மகள் போன வாரம் அனுப்பிய வாய்ஸ் நோட் இது. பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் இருந்தால்தான் வாக்கியம் என்று படித்து வந்தவள். அவள் கேட்பது நியாயமான கேள்விதான்.

எனக்கும் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது, வேலைவாய்ப்புப் பயிற்சி வகுப்பில் 'இஃப் ஐ வேர் யூ' என்று ஒரு பதிலைத் தொடங்கினேன். பயிற்சியாளர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஐ-க்கு வாஸ் வரும்மா. வேர் எப்படி வரும்?" வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு ரொம்ப நாள் அந்தத் தொடரையே நான் தொடவில்லை. 'இன் மை ஒபினியன்' என்று சுற்றி வளைத்துப் பேசிச் சமாளித்தேன். நான் சொன்னது சரி என்று தெரிந்துகொண்டபோது அந்த வகுப்பே முடிந்து வெகு நாளாகியிருந்தது.

மெயிலிலும் மீட்டிங்கிலும் நாம் தினமும் பார்க்கிற இந்த ஆங்கில மரபுத்தொடர்கள் இலக்கணப்படி சரியா, தப்பா? தப்பு என்றால் ஏன் யாரும் திருத்துவதில்லை?

முதலில் ஒரு பிரிவினை

மரபுத்தொடர் என்றாலே எல்லாம் ஒரே ரகம் என்று நினைத்துவிட வேண்டாம். சார்லஸ் ஃபில்மோர், பால் கே, மேரி கேத்தரின் ஓ'கானர் ஆகிய மூன்று மொழியியலாளர்கள் 1988-ல் 'லாங்வேஜ்' என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மரபுத்தொடர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் புரட்டிப் பார்க்கிற கட்டுரை அது. அதில் அவர்கள் ஒரு கோடு போடுகிறார்கள்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் 'கிக் தி பக்கெட்', 'ஸ்பில் தி பீன்ஸ்' மாதிரியானவை. முதலாவதற்கு 'செத்துப்போவது' என்று பொருள், இரண்டாவதற்கு 'ரகசியத்தைப் போட்டு உடைப்பது'. பொருள்தான் எங்கோ போய் நிற்கிறதே தவிர, இலக்கணத்தில் ஒரு குறையும் கிடையாது. வினை இருக்கிறது, செயப்படுபொருள் இருக்கிறது, வாளியை நிஜமாகவே காலால் உதைத்தாலும் இதே வாக்கியம்தான்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் 'பை அண்ட் லார்ஜ்', 'ஆல் ஆஃப் எ சடன்', 'ஸோ ஃபார் ஸோ குட்' போன்றவை. 'பை' ஒரு முன்னிடைச்சொல், 'லார்ஜ்' ஒரு பெயரடை. இரண்டையும் 'அண்ட்' போட்டு இணைக்க இன்றைய ஆங்கிலத்தில் எந்த விதியும் இடம் தராது. 'சடன்' பெயரடை. அதற்கு முன்னால் 'எ' எப்படி வந்தது? இன்றைய விதிகளை வைத்து இவற்றைப் பிரித்தால் கையில் ஒன்றும் நிற்காது.

'இலக்கணப்படி சரியா' என்ற கேள்வி இந்த இரண்டாவது கூட்டத்துக்குத்தான். அதில் ஒவ்வொன்றாக நோண்டிப் பார்த்தால், தப்பு என்று நாம் நினைப்பதில் பெரும்பாலானவை வேறு காலத்து இலக்கணமாக இருக்கும். இல்லையென்றால் வேறு ஊர்க்காரரின் இலக்கணமாக இருக்கும்.

அந்த 'எஸ்' எங்கே போச்சு?

2022 செப்டம்பர் 8-ம் தேதி பிரிட்டன் ராணி இரண்டாம் எலிசபெத் இறந்தார். அடுத்த நாளிலிருந்தே உலகம் முழுக்க டிவியில் 'காட் சேவ் தி கிங்' என்ற வாசகம் ஓடியது. எழுபது வருடங்களாக 'குயின்' என்று சொல்லிப் பழகியவர்கள் 'கிங்' என்று மாற்றிக்கொண்டார்கள். 'சேவ்' மட்டும் அப்படியே இருந்தது.

ஏன் 'சேவ்ஸ்' இல்லை? 'காட்' ஒருமை, படர்க்கை. ஆறாம் வகுப்பு விதிப்படி வினையில் 'எஸ்' ஒட்ட வேண்டும். 'லாங் லிவ் தி கிங்'கிலும் அதே கதைதான். அங்கே 'லிவ்ஸ்' இல்லை. போதாக்குறைக்கு எழுவாய் கடைசியில் போய் நிற்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நம்மிடம் வியங்கோள் வினைமுற்று இருக்கிறதே, அதேதான். வாழ்க, வருக, ஒழிக. நான் வாழ்க, நீ வாழ்க, அவர்கள் வாழ்க என்று யாருக்குச் சொன்னாலும் வினையின் உருவம் மாறாது. திணை, பால், எண், இடம் எதையும் அது காட்டாது. 'கடவுள் காக்கிறார்' என்பது செய்தி. 'கடவுள் காக்க' என்பது வேண்டுதல். 'காட் சேவ்ஸ்' முதலாவது, 'காட் சேவ்' இரண்டாவது.

பழைய ஆங்கிலத்தில் இந்த விருப்ப வடிவத்துக்குத் தனி விகுதிகளே இருந்தன. காலப்போக்கில் விகுதிகள் தேய்ந்து உதிர்ந்தன. பேச்சிலும் இதன் வேலையை 'மே', 'லெட்' போன்ற துணைவினைகள் எடுத்துக்கொண்டன. ஆனால் கோஷத்திலும் வாழ்த்திலும் பிரார்த்தனையிலும் மட்டும் பழைய உருவம் ஒட்டிக்கொண்டுவிட்டது. தும்மினால் சொல்லும் 'காட் பிளஸ் யூ', 'கம் வாட் மே', 'ஃபார் பி இட் ஃப்ரம் மீ', 'பி தட் அஸ் இட் மே' எல்லாம் அந்தக் குடும்பம்தான். நாம் மட்டும் என்னவாம்? வீட்டில் யாராவது "அத்தை, உள்ளே வருக" என்று சொல்கிறோமா? "வாங்க அத்தை" என்றுதான் சொல்கிறோம். 'வருக வருக' என்பது ஃப்ளெக்ஸ் பேனருக்கும் மேடைக்கும் போய்விட்டது.

என்னைச் சிரிக்க வைத்த 'இஃப் ஐ வேர் யூ'வும் இதே குடும்பம். நடக்காத ஒன்றை நடந்ததாக வைத்துக்கொண்டு பேசும்போது வரும் 'வேர்' அது. 'வீ வேர்' என்பதில் வரும் பன்மை 'வேர்' வேறு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பது நம்முடைய கெட்ட நேரம். நான் நீயாக முடியாது, அதனால் அந்த உருவம். நடந்த சம்பவத்தைச் சொன்னால் மட்டும்தான் 'ஐ வாஸ்'.

ஆபீஸ் மெயில் எழுதுகிறவர்கள் கவனிக்க: 'ஐ சஜஸ்ட் தட் ஹி சப்மிட் தி ரிப்போர்ட்' என்று ஒரு அமெரிக்க கிளையன்ட் எழுதினால் அதில் 'எஸ்' விட்டுப்போகவில்லை. பழைய வடிவம் இன்னும் உயிரோடு இருக்கிற இடங்களில் அதுவும் ஒன்று.

இந்த 'தி', அந்த 'தி' இல்லை

இப்போது சித்தி மகளின் கேள்விக்கு வருவோம். 'தி மோர் தி மெரியர்'. ஆள் சேரச் சேரக் கொண்டாட்டம் என்று பொருள். ஜான் ஹேவுட் 1546-ல் தொகுத்து அச்சிட்ட ஆங்கிலப் பழமொழி நூலிலேயே இது இருக்கிறது. அதாவது ஷேக்ஸ்பியர் பிறப்பதற்கு முன்பே இது பழமொழி.

இதில் வினை இல்லை. அதைவிடப் பெரிய விசித்திரம், 'தி' என்ற சொல் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வர வேண்டியது. இங்கே 'மோர்' முன்னாலும் 'மெரியர்' முன்னாலும் நிற்கிறது. எப்படி?

பழைய ஆங்கிலத்தில் நம்மைப் போலவே வேற்றுமை உருபுகள் இருந்தன. 'அது' என்ற சுட்டுக்கு 'அதனால்', 'அந்த அளவால்' என்று பொருள் தரும் ஒரு கருவி வேற்றுமை வடிவம் இருந்தது. நமது மூன்றாம் வேற்றுமை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வடிவம்தான் உச்சரிப்பு தேய்ந்து, எழுத்திலும் 'தி'யாக மாறி, சாதாரண 'தி'யோடு கலந்துவிட்டது. ஆக 'எவ்வளவு அதிகமோ, அவ்வளவு மகிழ்ச்சி' என்பதுதான் இந்தத் தொடர். இரண்டு 'தி'யும் எவ்வளவு, அவ்வளவு.

'தி சூனர் தி பெட்டர்' என்று மேனேஜர் மெசேஜ் அனுப்பும்போது அவருக்கே தெரியாமல் ஆயிரம் வருடப் பழைய வேற்றுமை உருபை டைப் செய்கிறார்.

இந்தத் தொடருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இது உறைந்துபோகவில்லை. 'மோர்', 'மெரியர்' இரண்டையும் எடுத்துவிட்டு வேறு எந்த ஒப்பீட்டுச் சொற்களைப் போட்டாலும் வேலை செய்யும். படிக்கப் படிக்க, பேசப் பேச என்று நாம் எந்த வினையையும் இரட்டிக்க முடிகிற மாதிரி. இதை வெறும் விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது, இதற்கென்று ஒரு சின்ன இலக்கணமே இருக்கிறது என்பதுதான் அந்த 1988 கட்டுரைக்காரர்களின் வாதம். 'கன்ஸ்ட்ரக்ஷன் கிராமர்' என்று பின்னாளில் ஒரு பள்ளியாகவே வளர்ந்த சிந்தனை அது.

வேற்றுமை உருபு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 'மீதிங்ஸ்' என்ற சொல்லைப் பழைய நாடகங்களிலும் மீம்களிலும் பார்த்திருப்பீர்கள். 'ஐ திங்க்' என்பதைத் தப்பாகச் சொன்ன மாதிரி இருக்கும். உண்மையில் 'எனக்குத் தோன்றுகிறது' என்று பொருள். அந்த 'மீ' நான்காம் வேற்றுமை, 'எனக்கு'. 'திங்ஸ்' என்பதும் 'நினை' என்ற வினை கிடையாது. 'தோன்று' என்று பொருள் தந்த, இப்போது வழக்கொழிந்த வேறொரு வினை. 'எனக்குப் பசிக்குது' என்பதில் எழுவாய் எங்கே என்று தமிழ் கற்கும் வெள்ளைக்காரர் விழிப்பார். அவருடைய முன்னோர்களும் பசியை 'எனக்கு' போட்டுத்தான் சொன்னார்கள் என்பது அவருக்குத் தெரியாது. 'வோ இஸ் மீ' என்ற புலம்பலிலும் இதே 'எனக்கு' ஒளிந்திருக்கிறது. துயரம் எனக்கு. இதை இலக்கண சுத்தமாகத் திருத்துகிறேன் என்று கிளம்பினால் எவ்வளவு அபத்தமாக இருக்கும் என்பதைக் கிண்டல் செய்யவே பெட்ரீஷியா ஓ'கானர் 1996-ல் எழுதிய இலக்கணக் கையேட்டுக்கு 'வோ இஸ் ஐ' என்று பெயர் வைத்தார்.

கப்பலில் இருந்து இறங்கியது

'பை அண்ட் லார்ஜ்'. பொதுவாக, மொத்தத்தில் என்ற பொருளில் அறிக்கைகளில் வந்துகொண்டே இருக்கும். இதை எந்த இலக்கணப் புத்தகத்தில் தேடினாலும் விடை கிடைக்காது, ஏனென்றால் விடை பாய்மரக் கப்பலில் இருக்கிறது.

காற்று எதிர்ப்பக்கமாக அடிக்கும்போது முடிந்தவரை அதை ஒட்டியே கப்பலைச் செலுத்துவது 'பை தி விண்ட்'. காற்று பின்பக்கத்திலிருந்து தாராளமாக அடிக்க, பாய் விரித்துப் போவது 'லார்ஜ்'. இரண்டு நிலையிலும் ஒழுங்காக ஓடும் கப்பல் 'பை அண்ட் லார்ஜ்' நல்ல கப்பல். சாமுவேல் ஸ்டர்மி என்ற மாலுமி 1669-ல் வெளியிட்ட கடலோடிகள் கையேட்டிலேயே இந்தச் சேர்க்கை இருக்கிறது. மாலுமிகளுக்கு 'பை', 'லார்ஜ்' இரண்டும் ஒரே வகைச் சொற்கள், காற்றின் நிலையைக் காட்டும் சொற்கள். 'அண்ட்' போட்டு இணைத்ததில் அவர்களுக்கு ஒரு தப்பும் இல்லை. கரைக்கு வந்த பிறகுதான் காற்று மறந்துபோய், சொல் மட்டும் மிஞ்சியது.

'ஹெட் ஓவர் ஹீல்ஸ்' இன்னும் வேடிக்கை. காதலில் தலைகுப்புற விழுந்தவரைச் சொல்வது. யோசித்துப் பாருங்கள், தலை மேலே, குதிகால் கீழே. நாம் எல்லோரும் இப்போது அப்படித்தானே இருக்கிறோம்? இதில் என்ன கவிழ்ந்துபோனது? 14-ம் நூற்றாண்டில் இது 'ஹீல்ஸ் ஓவர் ஹெட்' என்றுதான் இருந்தது. கால் மேலே, தலை கீழே. சரியான தலைகீழ். 18-ம் நூற்றாண்டுவாக்கில் யாரோ மாற்றிச் சொல்ல, எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

சொல் முன்பின்னாக மாறிப்போய், மாறியதே நிலைத்துவிடுவது. இதற்குத் தமிழ் இலக்கணத்தில் பெயரே இருக்கிறது. இலக்கணப்போலி. வீட்டுக்கு முன்பகுதி 'இல்முன்' என்று இருக்க வேண்டும், 'முன்றில்' ஆகிவிட்டது. 'நகர்ப்புறம்' என்பது 'புறநகர்' ஆனது. வாய்க்கால், கால்வாய் ஆனது. விதிப்படி அமையாவிட்டாலும் தொன்றுதொட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டதால் இலக்கணம் உடையதாகவே கொள்ள வேண்டும் என்று நன்னூல் ஒரு வகையையே ஒதுக்கி வைத்திருக்கிறது. பவணந்தி முனிவர் அதை எழுதியது 13-ம் நூற்றாண்டில். அந்தப் பாடத்தை மார்க்குக்காக மனப்பாடம் செய்தபோது, இது ஆங்கிலத்துக்கும் பயன்படும் என்று எந்த ஆசிரியரும் சொல்லித் தரவில்லை!

தனியாக எங்கும் பிழைக்க முடியாமல் ஒரே ஒரு தொடருக்குள் குடியிருக்கும் சொற்களும் உண்டு. 'கித் அண்ட் கின்' என்பதில் வரும் 'கித்', தெரிந்தவர்கள் என்று பொருள்பட்ட பழைய சொல். 'டு அண்ட் ஃப்ரோ'வில் வரும் 'ஃப்ரோ'வும் அப்படித்தான். நம்ம ஊர் 'ஏட்டிக்குப் போட்டி'யில் போட்டி தெரியும், ஏட்டியைத் தனியாக எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? (நெல்லைக்காரர்கள் தங்கச்சியைக் கூப்பிடும் 'ஏட்டி' வேறு.)

வாளி ஏன் உதைக்கப்படவில்லை?

இலக்கணம் சுத்தமாக இருக்கிற முதல் கூட்டத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 'கிக் தி பக்கெட்' இலக்கணப்படி சரி என்றோம். அப்படியானால் செயப்பாட்டு வினையாக மாற்ற முடிய வேண்டுமே? 'தி பக்கெட் வாஸ் கிக்டு' என்று சொன்னால் யாரும் சாகவில்லை. நிஜ வாளி ஒன்று உருள்கிறது, அவ்வளவுதான். ஆனால் 'தி பீன்ஸ் வேர் ஸ்பில்டு' என்றால் ரகசியம் வெளியானது என்றே புரிகிறது. ஒன்று இளகுகிறது, மற்றொன்று இளக மறுக்கிறது. ஏன்?

நன்பர்க், சாக், வாசோ என்ற மூவர் 1994-ல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். 'பீன்ஸ்' என்பது ரகசியத்துக்கு, 'ஸ்பில்' என்பது வெளியிடுவதற்கு என்று பொருளைப் பங்குபோட்டுக் கொடுக்க முடிகிறது. வாளிக்கு அப்படி ஒரு பங்கு இல்லை. சாவு என்ற பொருள் மொத்தத் தொடருக்கும் சேர்த்துத்தான்.

தமிழில் சோதித்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும். 'குட்டை உடைத்தான்' என்றும் சொல்லலாம், 'குட்டு உடைந்தது' என்றும் சொல்லலாம். குட்டு என்றால் ரகசியம், பங்கு தெளிவாக இருக்கிறது. ஆனால் கடன் வாங்கியவன் 'கம்பி நீட்டினான்' என்பதை 'அவனால் கம்பி நீட்டப்பட்டது' என்று மாற்றினால் அவன் ஓடிப்போன ஆளாகத் தெரியமாட்டான், எலெக்ட்ரீஷியன் ஆகிவிடுவான்.

ஒரு 'டி'யில் என்ன இருக்கிறது?

நம்ம ஊர் போர்டுகளில் அதிகம் தவறாக எழுதப்படுகிற ஆங்கிலத் தொடருக்குப் போட்டி வைத்தால் என் ஓட்டு 'ஃபர்ஸ்ட் கம் ஃபர்ஸ்ட் சர்வ்' என்பதற்குத்தான். ஃபிளாட் விளம்பரம், பார்க்கிங், ஹாஸ்டல் நோட்டீஸ் எங்கும் இதே. சரியான வடிவம் 'சர்வ்ட்', கடைசியில் ஒரு 'டி' உண்டு. 'முதலில் வந்தவர் முதலில் பரிமாறப்படுவார்' என்பது அதன் விரிவு. 'கம்' என்பது இங்கே 'வந்த' என்ற எச்சப் பொருளில் நிற்கிறது. 'டி'யை எடுத்துவிட்டால், முதலில் வருகிறவர்தான் எல்லோருக்கும் பரிமாற வேண்டும் என்று ஆகிவிடும். கல்யாணப் பந்திக்கு சீக்கிரம் போனவர் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்த கதை.

எழுவாயையும் வினையையும் விழுங்கிவிட்டு நிற்கும் இந்த மாதிரிச் சுருக்கத் தொடர்கள் பேச்சுக்கு வசதி. கொள்கையாக வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு பார்த்தது. 2ஜி அலைக்கற்றை உரிமங்கள் 'முதலில் வருவோருக்கு முன்னுரிமை' என்ற இதே தொடரின் அடிப்படையில்தான் 2008-ல் வழங்கப்பட்டன. முதலில் வருவது என்றால் முதலில் விண்ணப்பிப்பதா, ஒப்புதல் கடிதம் கிடைத்ததும் முதலில் நிபந்தனைகளை நிறைவேற்றிப் பணம் கட்டுவதா என்பதே வழக்கின் முக்கியச் சர்ச்சைகளில் ஒன்றாக இருந்தது. 2012 பிப்ரவரி 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. குற்றவியல் வழக்கில் 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. நாலு சொல் தொடரில் 'கம்' என்பதற்கு என்ன பொருள் என்ற கேள்வி அவ்வளவு தூரம் போனது.

யார் சொன்னால் தப்பு?

தலைப்பில் கேட்ட 'லாங் டைம் நோ சீ'யை இவ்வளவு நேரம் ஒத்திப்போட்டதற்குக் காரணம் இருக்கிறது. இது பழைய ஆங்கிலம் கிடையாது. எந்த நூற்றாண்டு ஆங்கில இலக்கணத்திலும் இது சரியாக வராது.

இதற்கு இரண்டு பிறப்புக் கதைகள் உண்டு. ஒன்று, தென் சீனத் துறைமுகங்களில் வியாபாரத்துக்காகப் பிறந்த கலப்பு ஆங்கிலம். பிட்ஜின் என்பார்கள். அந்தப் பெயரே 'பிசினஸ்' என்ற சொல்லின் சீன உச்சரிப்பிலிருந்து வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். சீன மொழியில் ரொம்ப நாள் கழித்துப் பார்ப்பவரிடம் சொல்வது, சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'ரொம்ப நாள், இல்லை, பார்' என்று வரும். அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் நம் தொடர். 'நோ கேன் டூ'வும் 'சாப் சாப்'பும் அதே துறைமுகச் சரக்குதான். இரண்டாவது கதை, அமெரிக்கப் பூர்வகுடிகள் பேசிய ஆங்கிலமாக இதை எழுதிவைத்த, 1900-ஐ ஒட்டி வெளிவந்த ஒரு நினைவுக்குறிப்பு நூலிலிருந்து தொடங்குகிறது.

எந்தக் கதையை எடுத்துக்கொண்டாலும், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் தங்கள் மொழியின் ஒழுங்கில் பேசிய ஆங்கிலம் இது. முதலில் எழுத்தில் வந்தபோது பல இடங்களில் அவர்களைக் கேலி செய்யவே பயன்பட்டது. கேலி செய்து செய்து வெள்ளைக்காரர்கள் வாயிலேயே ஒட்டிக்கொண்டது. இன்று ஆங்கில அகராதிகளில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. 'பார்த்து ரொம்ப நாளாச்சு' என்று நாம் சொல்லும்போது யார் யாரைப் பார்த்து என்று சொல்கிறோமா என்ன? அது மாதிரிதான்.

இப்போது இதன் பக்கத்தில் நம்முடைய 'டூ தி நீட்ஃபுல்' என்பதை வைத்துப் பாருங்கள். இந்திய மெயில் என்றாலே கேலி செய்யப்படும் தொடர். சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்புகளில் 'இப்படி எழுதாதீங்க' பட்டியலில் முதலிடம். ஆனால் இலக்கணம்? 'தி' போட்டுப் பெயரடையைப் பெயராக்குவது ஆங்கிலத்தில் சாதாரணம். 'தி புவர்' என்றால் ஏழைகள், 'தி இம்பாசிபிள்' என்றால் முடியாத காரியம். 'தி நீட்ஃபுல்' என்றால் தேவையானது. ஒரு குறையும் இல்லை. 18, 19-ம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கடிதங்களில் புழங்கிய தொடர்தான் இது. அவர்கள் இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு, அங்கே மறந்துவிட்டார்கள்.

ஆக, இலக்கணமே இல்லாத ஒன்று மரபுத்தொடர் ஆகிவிட்டது. இலக்கணம் உள்ள ஒன்று 'இந்தியன் இங்கிலீஷ்' ஆகிவிட்டது. இரண்டையும் எடைபோட்ட தராசில் இலக்கணத்துக்கு எந்த வேலையும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்கர்களின் 'ஐ குட் கேர் லெஸ்' என்பதையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். 'எனக்கு அதில் துளியும் அக்கறை இல்லை' என்று சொல்ல 'குடின்ட் கேர் லெஸ்' என்பதே வழி. எதிர்மறையை எடுத்துவிட்டால் 'இன்னும் கொஞ்சம் அக்கறை மிச்சம் இருக்கிறது' என்று நேர் எதிர்ப் பொருள் வர வேண்டும். 1950-களிலிருந்து அமெரிக்காவில் எதிர்மறை இல்லாத வடிவமும் அதே பொருளில் ஓடுகிறது. இது நக்கலான தொனி, அதனால் எதிர்மறை தேவையில்லை என்று ஸ்டீவன் பிங்கர் 1994-ல் வாதாடினார். எல்லோரும் அதை ஏற்கவில்லை. இதே தலைகீழ் வாக்கியத்தை நம் கால் சென்டரில் ஒருவர் சொல்லியிருந்தால் யாராவது 'நக்கல் தொனி' என்று விளக்கம் எழுதியிருப்பார்களா?

அப்போ ஆபீஸில் என்ன செய்வது?

சித்தி மகளுக்கு நான் அனுப்பிய பதில் இவ்வளவு நீளம் இல்லை. மூன்று நிமிட வாய்ஸ் நோட்தான். தொடரை உடைக்காமல் முழுசாக மனதில் ஏற்றிக்கொள் என்றேன். 'லாங் டைம் நோ சீ'யை அச்சாக வைத்து 'லாங் டைம் நோ மீட்' என்று நாமே ஒன்று செய்தால் எடுபடாது, 'தி மோர் தி மெரியர்' அச்சில் எதை வேண்டுமானாலும் வார்க்கலாம். 'லாங் டைம் நோ சீ' ஃப்ரெண்டுக்கு ஓகே, கிளையன்டுக்கு முதல் மெயிலில் வேண்டாம். 'டூ தி நீட்ஃபுல்' தப்பில்லை, ஆனால் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எது 'தேவையானது' என்று புரியாமல் போகலாம், அதனால் என்ன செய்ய வேண்டும் என்று நேராகவே எழுதிவிடு. போர்டு எழுதும் வேலை வந்தால் அந்த 'டி'யை மறக்காதே. டெஸ்டில் 'இஃப் ஐ' என்று கொடுத்துக் கோடிட்ட இடம் விட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு 'வேர்' போடு.

இரவு பத்தரைக்கு அவளிடமிருந்து ரிப்ளை வந்தது.

"'வேர்' போட்டு எங்க ட்ரெயினர் தப்புனு அடிச்சா, இந்த வாய்ஸ் நோட்டை அவருக்கு ஃபார்வர்ட் பண்ணிடவா அக்கா?"

பண்ணு என்று அனுப்பியிருக்கிறேன்.